பங்கும் பண்டிகையும்: தடா ஏரிக்கரை ஊர்களின் கூட்டு வாழ்வு

சென்னையிலிருந்து வடக்கு நோக்கிக் கொல்கத்தா நெடுஞ்சாலையில் செல்வோர், கும்மிடிப்பூண்டியையும் ஆரம்பாக்கத்தையும் கடந்ததும் பெயர்ப்பலகைகளின் எழுத்து மாறுவதைக் காண்பர். தமிழ் எழுத்து நின்று தெலுங்கு எழுத்து தொடங்கும் அவ்விடமே தடா. பலகைகளில் எழுத்து மாறினாலும் மக்களின் பேச்சு அங்கே அறுபட்டு விடுவதில்லை. எல்லைக்கு இப்பாலும் தெலுங்கு பேசுவோர் உண்டு. அப்பாலும் தமிழ் பேசுவோர் உண்டு. கிழக்கே பழவேற்காடு ஏரி. அதற்கும் அப்பால் ஸ்ரீஹரிகோட்டாத் தீவு. மேற்கே குன்றுகளும் காடுகளும். இடையே நெல்வயல்களும் இருப்புப்பாதையும் புதிய ஆலைகளும். இவ்வளவு சிறிய வட்டாரத்தில் இத்தனை வகை மக்கள் எவ்வாறு அண்டை அயலாராக வாழ்கின்றனர் என்பதை எண்ணிப் பார்ப்பது நமக்குப் பயன் தரும்.

பல மொழியினரும் பல சமயத்தினரும் ஒன்றாக வாழும் ஊர்களைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் நல்லெண்ணத்தைப் புகழ்கிறோம். நல்லெண்ணம் வேண்டியதே. ஆயினும் அது தானாக நிலைப்பதில்லை. அதற்கு ஓர் ஏற்பாடு தேவை. யார் எவ்வளவு தருவது, யார் எந்தப் பணியைச் செய்வது, யாருக்கு எது உரியது, கணக்கை யார் வாசிப்பது என்னும் வினாக்களுக்கு ஊர் கண்ட விடையே திருவிழா. சுருங்கச் சொன்னால், பண்டிகை என்பது பங்கீடு. பங்கு உள்ளவர் ஊரைத் தம்முடையது எனக் கருதுவர். பங்கு இல்லாதவர் அதனை வேடிக்கை பார்ப்பர். தடா வட்டாரத்தின் விழாக்களை இக்கண்ணோட்டத்தில் நாம் காண்போம்.

எல்லை நகர்ந்தது, ஊர் நகரவில்லை

தடா இன்று ஆந்திரப் பிரதேசத்தின் திருப்பதி மாவட்டத்தில் ஒரு மண்டலத்தின் தலைமையிடம். 2022ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் நாள் திருப்பதி மாவட்டம் அமையும்வரை அது நெல்லூர் மாவட்டத்தில் இருந்தது. அதற்கும் முன்னர், 1953 அக்டோபர் 1ஆம் நாள் ஆந்திர மாநிலம் தோன்றும்வரை, நெல்லூர், சித்தூர், செங்கல்பட்டு மாவட்டங்கள் யாவும் சென்னை மாகாணத்தின் பகுதிகளாகவே இருந்தன. பின்னர் எழுந்த எல்லைச் சிக்கலைத் தீர்க்கப் படாஸ்கர் பரிந்துரை வழங்கினார். அதன் அடிப்படையில் 1959இல் சட்டம் இயற்றப்பட்டது. 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி வட்டாரம் அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்தது. பொன்னேரி, திருவள்ளூர் வட்டங்களைச் சேர்ந்த சில ஊர்கள் ஆந்திரத்துடன் சேர்ந்தன. தடாவுக்கு மேற்கே உள்ள சத்தியவேடு வட்டாரத்தின் ஊர்கள் பல அவ்வாறு மாறியவையே.

மாநிலம் மாறியதால் வரி செலுத்தும் அலுவலகமும் பள்ளிப் பாடநூலும் மாறின. பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் உறவும், குலதெய்வம் இருக்கும் ஊரும், சந்தைக்குச் செல்லும் வழியும் மாறவில்லை. சென்னையிலிருந்து சூளூர்ப்பேட்டை வரை செல்லும் புறநகர் ரயில்கள் ஆரம்பாக்கத்தையும் தடாவையும் அடுத்தடுத்த நிலையங்களாகவே கடக்கின்றன. காலையில் எல்லையைக் கடந்து வேலைக்குச் சென்று மாலையில் வீடு திரும்புவோர்க்கு அது வரைபடத்தில் உள்ள ஒரு கோடு மட்டுமே.

யார் யார் வாழ்கின்றனர்?

ஏரிக்கரையில் முதலில் நம் கண்ணில் படுவோர் மீனவர். பழவேற்காடு ஏரி, ஒடிசாவின் சிலிக்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. அதன் பெரும்பகுதி ஆந்திரத்திலும் தென்பகுதி தமிழ்நாட்டிலும் உள்ளது. வடமேற்கிலிருந்து காளங்கி ஆறும், தெற்கில் ஆரணி ஆறும் அதில் கலக்கின்றன. தடா மண்டலத்தைச் சேர்ந்த இரக்கம் தீவு இவ்வேரியின் நடுவே உள்ளது. பீமுலவாரிபாளையம் படகுத்துறையிலிருந்து படகேறி அங்குச் செல்ல வேண்டும். அத்தீவினர் வீட்டில் பேசுவது தமிழ். அரசு அலுவலகத்தில் எழுதிக் கொடுப்பது தெலுங்கு.

கரையில் நெல் பயிரிடும் தெலுங்கு, தமிழ்க் குடும்பங்கள் உள்ளன. ஏரிகளிலும் ஓடைகளிலும் மீனும் நண்டும் பிடித்தும், வயல்களில் கூலிவேலை செய்தும் வாழும் யானாதிப் பழங்குடியினர் உள்ளனர். ஸ்ரீஹரிகோட்டாத் தீவின் பழங்குடிகள் அவர்களே. அக்காட்டின் மூலிகைகளையும் தேனையும் விறகையும் நன்கு அறிந்தவர்கள். 1969இல் அத்தீவு விண்வெளி ஏவுதளத்திற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, 1971 அக்டோபர் 9ஆம் நாள் அங்கிருந்து முதல் ரோகிணி ஆய்வு ராக்கெட் ஏவப்பட்டது. தளம் அமைந்தபோது தீவில் வாழ்ந்த குடும்பங்கள் பல இடம்பெயர்ந்தன. தமிழ்நாட்டுப் பக்கத்தில் இதே போன்ற வாழ்வு நடத்துவோர் இருளர்.

ஏரியின் தென்கோடியில் உள்ள பழவேற்காட்டில் தமிழ் பேசும் முஸ்லிம்களும் கிறித்தவ மீனவர்களும் நெடுங்காலமாக வாழ்கின்றனர். ஒல்லாந்தர் 1613இல் அங்குக் கெல்திரியாக் கோட்டையைக் கட்டினர். அவர்தம் கல்லறைத் தோட்டமும், போர்ச்சுகீசியர் காலத்தில் தோன்றிய மகிமை மாதா ஆலயமும், பெருமாள் கோயிலும், பள்ளிவாசல்களும் நடந்து சென்றே காணத்தக்க தொலைவில் உள்ளன. அண்மைக் காலத்தில் ஸ்ரீசிட்டி தொழில்நகரம் வந்தபின், வடமாநிலங்களைச் சேர்ந்த தொழிலாளர்களும் இவ்வட்டாரத்தில் குடியேறி வருகின்றனர்.

ஒரே நாளுக்கு இரு பெயர்கள்

தை பிறக்கும் வேளையில் எல்லையின் இருபுறமும் ஒரே நான்கு நாள்கள் கொண்டாடப்படுகின்றன. தமிழர் அவற்றைப் போகி, பொங்கல், மாட்டுப் பொங்கல், காணும் பொங்கல் என்பர். தெலுங்கர் போகி, சங்கராந்தி, கனுமா, முக்கனுமா என்பர். இரு வீட்டு வாசலிலும் பழையன எரியும். இரு வீட்டு முற்றத்திலும் அரிசிமாவால் கோலம் மலரும். தெலுங்கில் அதற்கு முக்கு என்று பெயர். கோலத்தின் நடுவே சாண உருண்டை வைத்துப் பூச்சூட்டும் வழக்கமும் இரு பக்கத்தினர்க்கும் பழகியதே.

வேறுபாடுகளும் உண்டு, அவையே ஊரார் ஒருவர் வீட்டிற்கு மற்றவரை வரவழைக்கின்றன. போகியன்று மாலை தெலுங்கு வீடுகளில் சிறு குழந்தைகளை அமர்த்தி, இலந்தைப் பழங்களும் கரும்புத் துண்டுகளும் நாணயங்களும் கலந்து தலைமீது சொரிவர். அக்கம்பக்கத்துச் சுமங்கலிகளும் பெரியவர்களும் வந்து வாழ்த்த வேண்டும் என்பது முறை. அண்டை வீட்டுத் தமிழ்ப் பாட்டியும் அதில் ஒருவர். மறுநாள் அந்தப் பாட்டியின் வீட்டுப் பொங்கல் பானை பொங்கும்போது சிறார் எல்லாரும் குரல் கொடுப்பர். அலங்கரித்த மாட்டுடன் நாதசுரம் ஊதி வருபவரைத் தமிழர் பூம்பூம் மாட்டுக்காரர் என்பர். தெலுங்கர் கங்கிரெத்து என்பர். அவருக்கு மொழி ஒரு தடையன்று. எந்த வாசலில் எந்த மொழியில் வாழ்த்துவது என்பதை அவர் அறிவார்.

ஆண்டுப் பிறப்பு மட்டும் இரு வேறு நாள்களில் வரும். சந்திரனின் ஓட்டத்தைப் பின்பற்றும் உகாதி பெரும்பாலும் பங்குனியில் வரும். கதிரவனின் ஓட்டத்தைப் பின்பற்றும் தமிழ்ப் புத்தாண்டு சித்திரை முதல் நாள். ஆயினும் இரண்டிலும் வேப்பம்பூவும் மாங்காயும் வெல்லமும் புளியும் சேர்ந்த பச்சடி இலையில் இடம்பெறும். இன்பமும் துன்பமும் கலந்ததே ஆண்டு என்னும் பொருளை இரு மொழியினரும் ஒரே சுவையால் உணர்த்துகின்றனர்.

கதவு அடைக்காத கோயில்

தடாவுக்கு வடக்கே, காளங்கி ஆற்றங்கரையில் உள்ள சூளூர்ப்பேட்டையில் செங்காளம்மன் கோயில் அமைந்துள்ளது. அக்கோயிலின் கதவு இரவிலும் அடைக்கப்படுவதில்லை. ஊரார் கூறும் வரலாறு இது: ஒருகால் பாதுகாப்புக் கருதிக் கதவு செய்யப்பட்டதாம், அம்மன் கனவில் தோன்றி, தன்னைக் காண வருவோர்க்குத் தடை வேண்டா எனக் கூறினாளாம், ஒதுக்கி வைத்த கதவுப் பலகை துளிர்த்து மரமாயிற்றாம். மகப்பேறு வேண்டுவோர் இன்றும் அம்மரத்தில் தொட்டில் கட்டுகின்றனர். ஏழு ஆண்டுகளுக்கு ஒருமுறை இங்குப் பிரம்மோற்சவம் நடைபெறும். ராக்கெட் ஏவுவதற்கு முன்னர் இஸ்ரோ தலைவர்கள் இக்கோயிலுக்கு வந்து வழிபடுவதும் வழக்கமாகி விட்டது. ஆற்றங்கரை உழவரும் ஏரி மீனவரும் ஏவுதளப் பொறியாளரும் ஒரே வரிசையில் நிற்கும் இடமாக அது திகழ்கிறது.

நீரை நம்பி வாழ்வோர் இங்குக் கங்கையம்மனைப் போற்றுகின்றனர். தெலுங்கில் அவளே கங்கம்மா. திருப்பதி நகரின் தாத்தய்யகுண்டா கங்கம்மா கோயிலில் மே மாதத்தில் நடக்கும் ஜாத்திரை புகழ்பெற்றது. நாளுக்கொரு வேடம் பூண்டு மக்கள் தெருக்களில் வருவர். கங்கம்மா திருவேங்கடமுடையானின் தங்கை எனக் கருதப்படுவதால், திருமலைத் தேவஸ்தானத்திலிருந்து அவளுக்குப் பட்டும் மஞ்சளும் குங்குமமும் சீராகச் செல்கின்றன. பெருங்கோயிலுக்கும் ஊர்த்தெய்வத்திற்கும் அண்ணன் தங்கை உறவு கற்பித்து, அவ்வுறவுக்கு உரிய சீரையும் வரையறுத்துவிட்டதைப் பாருங்கள். இங்கும் நாம் காண்பது பங்குதான். வடதமிழ்நாட்டு ஊர்களில் கேழ்வரகுக் கூழ் வார்க்கும் விழாவிலும் இதே முறை உள்ளது. வீட்டுக்கு வீடு மாவும் மோரும் வெங்காயமும் திரட்டுவர். ஒரே கொப்பரையில் காய்ச்சுவர். எந்த வீட்டு மாவு எது என்று அதன்பின் எவரும் பிரித்தறிய இயலாது.

கடனாகப் பெறும் ரொட்டி

தடா மண்டலத்தில் ஏரியை ஒட்டியுள்ள வேணாட்டில் ஒரு தர்கா உள்ளது. அதன் சந்தன விழாவிற்கு ஆந்திரத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் முஸ்லிம்களும் இந்துக்களும் வருகின்றனர். இவ்வகைக் கூட்டு வழிபாட்டின் பெருவடிவத்தைக் காண விரும்புவோர் வடக்கே நெல்லூருக்குச் செல்லலாம். அங்குச் சுவர்ணாலா ஏரிக்கரையில் பன்னிரு தியாகிகளின் நினைவிடமாகிய பாரா ஷஹீத் தர்கா உள்ளது. முகரம் மாதத்தில் அங்கு நடைபெறுவது ரொட்டித் திருவிழா.

அதன் நடைமுறை வியப்புக்குரியது. வேண்டுதல் உடையவர் ஏரி நீரில் நின்று, முன்னர் அதே வேண்டுதல் நிறைவேறிய ஒருவரிடமிருந்து ரொட்டி பெற்று உண்பார். கல்வி ரொட்டி, வேலை ரொட்டி, மணம் வேண்டும் ரொட்டி, மகவு வேண்டும் ரொட்டி, வீடு வேண்டும் ரொட்டி, நோய் தீர வேண்டும் ரொட்டி எனப் பல உண்டு. வெளிநாடு செல்ல விரும்புவோர்க்கு விசா ரொட்டியும் உண்டு. வேண்டியது கைகூடினால், பின்னர் ஒரு விழாவில் அவர் மீண்டும் வந்து, அதே வேண்டுதல் உடைய வேறொருவருக்கு ரொட்டி கொடுக்க வேண்டும். கொடுப்பவரின் சமயத்தைப் பெறுபவர் கேட்பதில்லை.

வங்கித் துறையில் இருப்போர்க்கு இம்முறை உடனே விளங்கும். இது ஒரு சுழற்கடன். பெற்றவர் தந்தவருக்கே திருப்பித் தருவதில்லை; அடுத்துத் தேவைப்படுவோர்க்குத் தருகிறார். எழுதிய பத்திரமும் பிணையும் இல்லை. எல்லாரும் காண நீரில் நின்று பெற்றதே பிணை.

தலைக்கட்டும் பாடும்

நம்பிக்கையால் மட்டுமே ஊர் நடப்பதில்லை என்பதை மீனவர் ஊர்கள் தெளிவாகக் காட்டுகின்றன. கடற்கரை ஊர்களில் திருமணமான ஆண் ஒருவரைத் தலைவராகக் கொண்ட குடும்பம் ஒரு தலைக்கட்டு. விழாவிற்கான வரி தலைக்கட்டுக்கு இவ்வளவு என ஊர்க்கூட்டத்தில் முடிவாகும். செல்வரும் வறியவரும் ஒரே அளவு தருவதே வழக்கம். ஆகையால் கூட்டத்தில் இருவருக்கும் ஒரே அளவு குரல். வரி செலுத்தியவர்க்கு ஊரின் பொதுவளத்தில் உரிமை உண்டு. துயர் நேர்ந்தால் ஊரின் துணையும் உண்டு.

பழவேற்காடு ஏரியின் தென்பகுதியில் பட்டினவர் ஊர்கள் பின்பற்றும் பாடு முறை இதனோடு பிணைந்தது. ஏரியில் எல்லா இடத்திலும் மீன் ஒரே அளவில் கிடைப்பதில்லை. முகத்துவாரத்தை ஒட்டிய இடங்களில் இறால் மிகுதி. வலிமை உடையவரே அவ்விடங்களை எப்போதும் பிடித்துக்கொண்டால் சண்டைதான் மிஞ்சும். எனவே உரிமையுள்ள குடும்பங்கள் குலுக்கல் நடத்தி, எவர் எந்நாளில் எந்த இடத்தில் வலை இடுவது என முறை வைத்துக்கொள்கின்றன. இன்று நல்ல இடம் பெற்றவர்க்கு நாளை வேறிடம். நற்பேறும் இழப்பும் சுழன்று வருவதால் எவரும் நெடுநாள் ஏமாந்தவராய் இருப்பதில்லை.

விழா முடிந்தபின் கோயில் முன்றிலில் கூட்டம் கூடி வரவு செலவு வாசிக்கும் வழக்கம் நம் ஊர்கள் பலவற்றில் உள்ளது. பந்தல் எவ்வளவு, பூ எவ்வளவு, மேளம் எவ்வளவு, மீதம் எவ்வளவு என வரிவரியாகப் படிப்பர். குறுக்குக் கேள்விகள் எழும். சில வேளை குரலும் உயரும். ஆனால் அக்கேள்விகள் எழும் இடம் இருக்கும்வரை ஐயம் பகையாக முற்றுவதில்லை. இசையும் வாணவேடிக்கையும் நினைவில் நிற்பவை. கணக்கு வாசிப்போ அடுத்த ஆண்டு விழாவுக்கு உயிர் தருவது.

பங்கு எட்டாதவர்கள்

இம்முறைகளைப் புகழும்போதே ஒரு குறையையும் நாம் சொல்லியாக வேண்டும். பங்கு என்பது யாரைச் சேர்க்கிறதோ அவர்களைக் காக்கிறது. சேர்க்காதவர்களை வெளியே நிறுத்துகிறது. பாடு உரிமை பரம்பரைக் குடும்பங்களுக்கு உரியது. யானாதி, இருளர் குடும்பங்களுக்கு அதில் இடமில்லை. அப்பெண்கள் ஆழமில்லாத நீரில் தவழ்ந்து, கைகளால் சேற்றைத் துழாவி இறால் பிடிக்கின்றனர். பிடித்ததை இடும் பறியின் கயிற்றைப் பல்லால் கடித்துக்கொள்கின்றனர். தலைக்கட்டுப் பதிவு ஆணின் பெயரில் அமைவதால், மீன் விற்று வீட்டைத் தாங்கும் பெண்களின் குரலும் கூட்டத்தில் அரிதாகவே ஒலிக்கிறது.

இக்குறையை ஓரளவு நிரப்பியவை மகளிர் சுயஉதவிக் குழுக்கள். 1992இல் நபார்டு வங்கி 500 குழுக்களை முன்னோடியாகக் கொண்டு தொடங்கிய வங்கி இணைப்புத் திட்டம் இன்று நாடெங்கும் பரவியுள்ளது. தலைக்கட்டில் பெயர் இல்லாத பெண்ணுக்குக் குழுவின் பதிவேட்டில் பெயர் உண்டு. வாரந்தோறும் சேமிப்பு, எல்லார் முன்னிலையிலும் கடன், எல்லாரும் அறிய கணக்கு வாசிப்பு என, ஊர்க்கூட்டத்தின் நல்ல முறைகளை அது பெண்களின் கைக்குக் கொண்டு சேர்த்தது.

ஆவணங்கள் இன்மையே பழங்குடியினர் பலர் வங்கிக்குள் வரத் தயங்கக் காரணம். அவர்களுக்கும் வழி உள்ளது. உரிய அடையாள ஆவணம் இல்லாதவர், புகைப்படம் தந்து, வங்கி அலுவலர் முன்னிலையில் கையொப்பமோ கைந்நாட்டோ இட்டுச் சிறு கணக்கு தொடங்கலாம். அதில் இருப்பு எந்நேரத்திலும் 50,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. ஓராண்டில் வரவு 1,00,000 ரூபாய்க்குள்ளும், ஒரு மாதத்தில் எடுப்பு 10,000 ரூபாய்க்குள்ளும் இருக்க வேண்டும். முதலில் 12 மாதங்களுக்கும், ஆவணத்திற்கு விண்ணப்பித்ததைக் காட்டினால் மேலும் 12 மாதங்களுக்கும் அது செல்லும். உங்கள் வயலிலோ வீட்டிலோ வேலை செய்பவர்க்குக் கணக்கு இல்லையெனில், இச்செய்தியை அவரிடம் கூறுங்கள். இயலுமானால் கிளைக்கு உடன் அழைத்து வாருங்கள்.

இமயத்தின் மடியிலும் இதே பாடம்

பங்கீட்டால் ஊர் நிலைபெறுவது தென்னாட்டுக்கு மட்டும் உரியதன்று. நேபாளத்தின் 2021ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 142 சாதி, இனக் குழுக்களையும் 124 தாய்மொழிகளையும் பதிவு செய்தது. ஒரே மலைச்சரிவில் குருங், மகர், தமாங், பாகுன், செத்ரி, தலித் குடும்பங்கள் வாழும் ஊர்கள் அங்கு மிகுதி. தசைன், திகார் பண்டிகைகளைப் பலரும் கொண்டாடுகின்றனர்; பௌத்தரின் லோசார் தனியே வரும். நடவுக் காலத்தில் ஒரு வீட்டார் மற்றொரு வீட்டு வயலில் உழைத்து, அதே அளவு உழைப்பைத் திரும்பப் பெறும் வழக்கம் அங்குப் பர்மா எனப்படும்.

காத்மாண்டுப் பள்ளத்தாக்கின் நேவார் மக்கள் குத்தி என்னும் அமைப்பின் வழியே விழாக்களையும் ஈமக்கடன்களையும் நடத்துகின்றனர். நிலத்தை அறக்கட்டளையாக வைத்து, அதன் வருவாயில் தேர் இழுப்பதும் விருந்து அளிப்பதும் கோயிலைப் பழுது பார்ப்பதும் உறுப்பினர் கடமை. 2019இல் குத்திகளை அரசின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவர ஒரு மசோதா வந்தபோது, பல்லாயிரம் மக்கள் காத்மாண்டுத் தெருக்களில் திரண்டு எதிர்த்தனர். அரசு அதனைத் திரும்பப் பெற்றது. தக்காலி வணிகர்கள் திகுட்டி என்னும் முறையில் பணம் திரட்டி, முறை வைத்து ஒவ்வொருவரும் மொத்தத் தொகையையும் எடுத்துத் தொழில் நடத்தினர். நம் சீட்டுக்கு அது உடன்பிறப்பு எனலாம்.

இன்று எது ஆபத்தில் உள்ளது?

மீண்டும் தடாவுக்கு வருவோம். இங்குக் கூட்டு வாழ்வைத் தாங்கிய பொதுவளம் சுருங்கி வருகிறது. ஏரியைக் கடலோடு இணைக்கும் முகத்துவாரங்களை மணல் அடைக்கிறது. கடல்நீர் உள்ளே வராவிடில் மீனும் இறாலும் குறையும். ஆழம் குறைந்தால் படகும் செல்லாது. மணலை அகற்ற வேண்டும் என்பது இரு மாநில மீனவரின் நெடுநாள் கோரிக்கை. வளம் குறையும்போது எல்லைக் கோட்டின் நினைவு எழுகிறது. யாருடைய நீரில் யார் வலை இட்டார் என்னும் பூசல்கள் இரு மாநில மீனவரிடையே எழுந்துள்ளன. பங்கிட ஒன்றும் இல்லையெனில் பங்கு முறையும் நில்லாது.

மற்றொரு மாற்றம் அமைதியாக நிகழ்கிறது. ஆலையில் சுழல்முறைப் பணி செய்யும் இளைஞர்க்கு விழா நாளில் விடுப்பு எளிதில் கிடைப்பதில்லை. தோள் கொடுத்துச் சுமந்த பணியைப் பணம் கொடுத்து முடிக்கின்றனர். தலைக்கட்டு வரிக்கு மாற்றாக ஒரு செல்வர் முழுச் செலவையும் ஏற்று, தம் பெயரில் பலகை வைக்கும் வழக்கமும் நம் ஊர்களில் பரவுகிறது. விழா முன்னைவிடச் சிறப்பாகத் தோன்றும். ஆனால் ஒருவர் தந்த பணத்திற்கு ஊர் கணக்குக் கேட்க இயலாது. கணக்குக் கேட்கும் உரிமை போனால், வேறு மொழியினரும் வேறு தெருவினரும் அவ்விழாவில் விருந்தினர் ஆகிவிடுவர்.

புதிய பங்குகளும் தோன்றுகின்றன என்பது ஆறுதல். குளிர்காலத்தில் ஏரிக்கு வரும் பூநாரைகளை முன்னிட்டு, சூளூர்ப்பேட்டையை மையமாகக் கொண்டு ஆந்திர அரசு பூநாரைத் திருவிழாவை நடத்துகிறது. சில ஆண்டுகள் தடைப்பட்ட அவ்விழா 2025 ஜனவரியில் மீண்டும் நடந்தது. அருகே நேலப்பட்டில் 1976 முதல் பறவைகள் காப்பிடம் உள்ளது. அங்கு நீரில் நிற்கும் கடப்ப மரங்களில் கூழைக்கடாக்கள் கூடு கட்டுகின்றன. அவற்றின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு நல்லுரம் எனக் கருதி, உழவர் அவற்றைக் காத்து வருகின்றனர். மொழி எதுவாயினும் சமயம் எதுவாயினும், பறவை வந்தால் எல்லார்க்கும் நலம் என்பதால் அது எல்லாரின் விழாவாகிறது.

விழாக் கணக்கை நன்முறையில் பேணுதல்

உங்கள் ஊரிலும் தெருவிலும் குடியிருப்பிலும் விழாக் குழு இருக்கலாம். அதன் பணத்தைத் தனி ஒருவரின் கணக்கில் வைப்பது நல்லவர்களிடையேயும் மனக்கசப்பை விளைவிக்கும். அவர் நோயுற்றாலோ மறைந்தாலோ சிக்கல் மேலும் பெருகும். பின்வரும் முறைகள் உதவும்.

முதலாவதாக, குழுவின் பெயரிலேயே கணக்கு தொடங்குங்கள். குழுவின் தீர்மானம், குழுவின் நிரந்தரக் கணக்கு எண் அல்லது அதற்கு மாற்றான படிவம், பொறுப்பாளர்களின் அடையாள, முகவரி ஆவணங்கள் ஆகியவை தேவைப்படும். உங்கள் குழுவுக்கு ஏற்ற கணக்கு வகையைக் கிளை அலுவலர் எடுத்துரைப்பார்.

இரண்டாவதாக, இருவரோ மூவரோ சேர்ந்து கையொப்பமிட்டால்தான் பணம் எடுக்க இயலும் என விதி அமையுங்கள். கையொப்பமிடுவோர் வெவ்வேறு தெருவினராய், முடிந்தால் வெவ்வேறு மொழியினராய் இருப்பது நன்று; அவர்களுள் ஒருவரேனும் பெண்ணாய் இருக்கட்டும். பொறுப்பாளர் மாறினால் புதிய தீர்மானத்தை உடனே வங்கியில் கொடுங்கள்.

மூன்றாவதாக, கைப்பேசி வழியே நன்கொடை பெறும் கியூஆர் குறியீடு குழுவின் கணக்கோடு இணைந்திருக்க வேண்டும். தனிநபர் கணக்கோடு அன்று. ஒவ்வொரு தொகைக்கும் ரசீது எழுதுங்கள்.

நான்காவதாக, மீதத் தொகையைக் கைமாற்றாகக் கொடுக்காமல், அடுத்த விழா வரும் மாதத்தைக் கணக்கிட்டுக் குறுகிய கால வைப்பில் இடுங்கள்.

ஐந்தாவதாக, பெருங்கொடையாளர் இருப்பினும் வீட்டு வரியைக் கைவிடாதீர்கள். பத்து ரூபாயாயினும் எல்லா வீடும் தரட்டும். ஊரில் புதிதாகக் குடியேறியவரிடமும் கேளுங்கள். கேட்பதே அவரை ஊராராக ஏற்பதாகும். விழா முடிந்த வாரத்திலேயே வங்கிக் கணக்கு அறிக்கையைக் கையில் வைத்து, கோயில் முன்றிலிலோ பள்ளி வளாகத்திலோ வரவு செலவை வாசியுங்கள். தமிழும் தெலுங்கும் வழங்கும் ஊராயின் இரு மொழியிலும் வாசியுங்கள்.